ஒரு விரல் இடைவெளி

தில்லைநாதன் அன்று காலையிலேயே ஏழாவது தடவையாக எழுந்து கண்ணாடிச் சுவரடிக்குப் போனார். போய் நின்றார் என்று சொன்னால் அது பொய். அந்த மனிதருக்கு நிற்க எங்கே தெரிந்தது? இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இருபத்துநான்கு அடி. போனார், வந்தார், எட்டி வானத்தைப் பார்த்தார், திரும்பவும் போனார். கட்டிலில் படுத்திருந்த மகள் விமலேஸ்வரியின் கண்கள் அவரோடு கூடவே போய், கூடவே வந்து களைத்துவிட்டன.

“இஞ்சேருங்கோ, ஒரு இடத்தில இருக்க மாட்டியளோ? பாக்கிற எங்களுக்கெல்லோ தலை சுத்துது” என்று குசினிக்குள்ளிருந்து அன்னபாக்கியம் சத்தம் போட்டாள்.

“இருக்கிறன், இருக்கிறன்” என்று சொல்லிக்கொண்டே நடந்தார் அவர்.

காரணம் இல்லாமல் இல்லை. தண்ணீரூற்று என்ற அந்த ஊரில் அந்த வீட்டை ‘டொக்ரர் வீடு’ என்பார்கள். ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தேழில் கட்டியது. ஊர் முழுக்க ஓட்டுக் கூரையும் கிடுகுக் கூரையுமாக இருந்த காலத்தில், கொழும்பிலிருந்து வந்த கட்டடக் கலைஞர் ஒருவர் தட்டையான கொங்கிறீற் கூரை ஒன்றை நாலு மெல்லிய தூணில் ஏற்றிவைத்தார். அந்தக் கூரைத் தட்டு முன்பக்கம் எட்டு அடி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. நுனியில் ஒரு முட்டு இல்லை, ஒரு தடி இல்லை. ஊர்ச்சனம் முதல் வருடம் முழுக்க அதற்குக் கீழே குனிந்துதான் போய்வந்ததாம். உள்ளே அறை என்று ஒன்றும் இல்லை. ஒரே பெரிய மண்டபம், நடுநடுவே தோளளவு மரத் தடுப்பு. சுவர் இருக்க வேண்டிய முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அழகான வீடு, அதில் சந்தேகமில்லை. ஆனால் கிபிர் விமானம் வந்து குண்டு போடும் நாட்டில் குடியிருக்க இதைவிட மோசமான வீட்டைத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது.

தில்லைநாதனுக்கு அந்த வீடு வெறும் வீடு அல்ல. பத்தொன்பது வயதில் நீர்ப்பாசனக் கந்தோரில் படவரைஞராகச் சேர்ந்த புதிதில், கொழும்புக்காரரின் வரைபடங்களை ரேசிங் பேப்பரில் பார்த்து வரைந்து கொடுத்தவர் அவர்தான். பிறகு முப்பத்தைந்து வருடம் கந்தோரில் இருந்தார். அத்தனை வருடமும் மற்றவர்கள் வரைந்ததைப் பார்த்து வரைந்தார். தாளின் மூலையில் உள்ள பெட்டியில் ‘வரைந்தவர்’ என்ற இடத்தில் யாரோ ஒருவருடைய பெயர் இருக்கும். ‘பார்த்து வரைந்தவர்’ என்ற இடத்தில் இவருடைய பெயர் இருக்கும்.

எண்பத்திரண்டில் கொழும்பிலிருந்து கட்டடப் பாதுகாப்புச் சபை என்று ஒன்று இரண்டு காரில் வந்து இறங்கியது. படம் பிடித்தார்கள், அளந்தார்கள், இளநீர் குடித்தார்கள். இந்த வீடு நாட்டின் சொத்து, பட்டியலில் சேர்த்திருக்கிறோம் என்று சிவப்பு முத்திரை குத்திய பத்திரம் ஒன்றை அனுப்பினார்கள். அதில் பன்னிரண்டு நிபந்தனைகள். நாலாவது நிபந்தனை: சபையின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் ஒரு கல்லும் கூட்டவோ குறைக்கவோ கூடாது. அடுத்த வருடம் வீட்டுக்காரரான டொக்ரர் லண்டனுக்குப் போகும்போது வீட்டுத் திறப்பைத் தில்லைநாதனின் கையில் கொடுத்து, “நாலாவதை மறந்திடாதை, தில்லை” என்று சொல்லிவிட்டுப் போனார். மனிதர் மறந்தால்தானே! பதினைந்து வருடமாக அந்த நாலாவது நிபந்தனை அவரோடு சாப்பிட்டு அவரோடு படுத்து எழும்பியது.

இப்போது வந்த வில்லங்கம் வேறு. விமலேஸ்வரியின் முதல் பிள்ளை பதுங்குகுழியான பங்கரின் படியில் அவள் சறுக்கி விழுந்ததில் வயிற்றிலேயே போய்விட்டது. இது இரண்டாவது. ஐந்தாம் மாதமே ஆசுபத்திரியில் சொல்லிவிட்டார்கள்: பிறக்கும்வரை படுக்கைதான், படி இறங்கக் கூடாது, பங்கர் என்ற பேச்சே கூடாது. அவளுடைய புருசன் திலீபன் வவுனியாவுக்குச் சாமான் எடுக்கப் போனவன், திரும்பிவரப் பாஸ் கிடைக்காமல் அங்கேயே மாட்டிக்கொண்டான். வேறு வீட்டுக்குப் போகலாம் என்றால், ஆசுபத்திரி கூப்பிடு தூரத்தில் இருக்கும் வீடு இது ஒன்றுதான். ஆக, கிபிர் வந்தால் ஊரே பங்கருக்குள் ஓடும். விமலேஸ்வரி மட்டும் இருபத்துநான்கு அடிக் கண்ணாடிக்கு முன்னால் மல்லாந்து கிடக்க வேண்டும்.

“ஒரு மதில் கட்டுங்கோ. வேற ஒண்டும் கேக்கேல்லை” என்றாள் அன்னபாக்கியம்.

“நாலாவது நிபந்தனை...”

“உங்கட நாலாவதைக் கொண்டுபோய் அடுப்புக்குள்ள வையுங்கோ!”

அவர் அடுப்புக்குள் வைக்கவில்லை. மாசி மாதம் பிறந்ததும் கொழும்புக்குக் கடிதம் எழுதினார். ஒழுங்கான ஆங்கிலத்தில், மூன்று பிரதி எடுத்து, வீட்டின் பழைய வரைபடத்தின் பிரதியும் வைத்து, ‘போர்க்கால அவசரம் கருதி முன்பக்கத்தில் தற்காலிகமாக ஒரு செங்கல் மதில் எழுப்ப அனுமதி வேண்டும்’ என்று கேட்டார். அந்த நாளில் வன்னியிலிருந்து ஒரு கடிதம் கொழும்புக்குப் போவது என்பது வழியில் எத்தனை கை மாறி, எத்தனை பேர் பிரித்துப் படித்து, எத்தனை சாக்குக்குள் கிடந்து போவது! தில்லைநாதன் நாலாம் நாளே தபாற் கந்தோருக்குப் போய்ப் பதில் வந்ததா என்று கேட்டார்.

“ஐயா, உங்கட கடிதம் இன்னும் என்ர மேசையைத் தாண்டேல்லை” என்றார் தபாற்காரர் கனகலிங்கம்.

அதற்குப் பிறகும் ஒரு நாள் தவறாமல் போனார். சைக்கிளின் மணிச் சத்தம் கேட்டாலே கனகலிங்கம் உள்ளிருந்தபடி, “இல்லை ஐயா!” என்று கத்தத் தொடங்கிவிட்டார். இடையில் எல்லோரும் செய்வதுபோலக் கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கடதாசி ஒட்ட வேண்டும் என்று அன்னபாக்கியம் கோதுமை மாவுப் பசை காய்ச்சிக் கொடுத்தாள். அதற்கும் மனிதர் பன்னிரண்டு நிபந்தனையையும் திருப்பித் திருப்பிப் படித்தார். கடதாசி கல் அல்ல, ஆகவே ஒட்டலாம் என்று மூன்றாம் நாள்தான் அவருக்கு வெளித்தது. அதற்குள் பசை புளித்துப்போனது.

பங்குனி கடைசியில் ஒரு பத்து மணிக்குக் கிபிர் வந்தது. இரைச்சல் கேட்பதற்குள் குண்டு விழுந்துவிட்டது. கடற்கரைப் பக்கம்தான், ஒரு மைல் இருக்கும். என்றாலும் வீடு ஒருமுறை குலுங்கி நின்றது. கண்ணாடியில் மேல்மூலையிலிருந்து கீழ்மூலை வரை ‘டர்’ரென்று ஒரு வெடிப்பு ஓடியது. குசினியிலிருந்து ஓடிவந்த தில்லைநாதன் இரண்டு கையையும் விரித்துக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒட்டிய கடதாசி தாங்கியது. தாங்கிவிட்டது, விழவில்லை என்று அவர் பெருமூச்சு விட்டபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

“அப்பா, நான் இஞ்ச இருக்கிறன்.”

அவர் திரும்பினார். விமலேஸ்வரி இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு சுருண்டு கிடந்தாள். கண்ணாடி விழுந்திருந்தால் முழுவதும் அவள்மேல்தான்.

“முதலில கண்ணாடியைத்தான் பாத்தனீங்கள்” என்றாள் அவள். கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் ஏதாவது பதிலுக்குச் சொல்லியிருப்பார். அவள் கோபப்படவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. வெட்கம் மனிதரைப் பிடுங்கித் தின்றது. சீ, நானும் ஒரு தகப்பனா என்று வாய்விட்டே சொன்னார். அடுத்த நாள் விடிந்ததும் தபாற் கந்தோருக்குப் போகாமல் மேசையில் ரேசிங் பேப்பரை விரித்தார். தன்னுடைய வாழ்க்கையில் முதல்தடவையாக, கீழே எந்தத் தாளும் வைக்காமல், ஒரு கோடு கீறினார். அனுமதி கேட்காத கோடு. இரண்டு தடவை அழித்தார்.

மதில் கட்ட யாகப்பு வந்தான். முல்லைத்தீவுக் கரையோரத்தான். கடலுக்குப் போகாத நாளில் மேசன் வேலை செய்பவன். கரையை விட்டு இடம்பெயர்ந்து வந்த பிறகு மேசன் வேலைதான் சோறு போட்டது. சீமெந்துக்குத் தடை, ஒரு கிலோவும் கிடையாது. அதனால் என்ன? களப்பில் மட்டிச் சிப்பி அள்ளிவந்து, சூளை வைத்துச் சுட்டு, நீற்றிச் சுண்ணாம்பு எடுத்தான். ஷெல் விழுந்து சரிந்து கிடந்த சங்கக்கடையின் செங்கல்லை, கிராம அலுவலரான விதானையிடம் கேட்டுக் கழற்றிக்கொண்டு வந்தான். அவனுடைய மனைவி சூசையம்மா அந்தக் கல்லெல்லாவற்றிலும் ஒட்டியிருந்த பழைய சாந்தைக் கொத்திச் சுத்தமாக்கினாள்.

தில்லைநாதன் வரைபடத்தை விரித்து விளக்கினார். கண்ணாடிக்குப் பக்கத்தில் அத்திவாரம் கிண்டினால் பழைய அத்திவாரம் இளகிவிடும். ஆகவே தட்டின் நுனிக்கு நேர் கீழே, எட்டு அடி தள்ளி மதில் வரும். ஒன்பது அங்குலத் தடிப்பு, மூன்று இடத்தில் உதைசுவர். உயரம் தட்டுவரை. ஆனால் தட்டைத் தொடக் கூடாது.

“தொடக் கூடாதோ?” என்றான் யாகப்பு.

“ஒரு விரல் இடைவெளி விடவேணும். நீட்டுக்கும்.”

யாகப்பு தாளைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தான். “ஐயா, நான் இருபது வருசமா மதில் கட்டுறன். கூரை வரைக்கும் கொண்டுபோய்க் கடைசி வரியில ஓட்டுச்சல்லி வைச்சு இறுக்கினால்தான் அது மதில். இடைவெளி விட்டால் காத்துப் பூரும், மழை பூரும், பாம்பு பூரும். பாக்கிறவன் யாகப்புவுக்குக் கல்லுப் போதாமல் போட்டுது எண்டெல்லோ சொல்லுவான்!”

“சொல்லட்டும். ஒரு விரல்.”

“உந்தத் தட்டு தொங்கிக்கொண்டெல்லோ நிக்குது. பாவம், அதுக்கும் ஒரு முட்டுக் கிடைச்ச மாதிரி இருக்கும்...”

“முட்டு வேண்டாமெண்டுதான் சொல்லுறன் யாகப்பு! நீர் நான் சொன்னபடி செய்யும்.”

இங்கேதான் மனிதர் பிழை விட்டார். ஏன் முட்டு வேண்டாம் என்று விளக்கவில்லை. விளக்கியிருக்கலாம், அரை மணித்தியாலம் போதும். ஆனால் வாழ்நாள் முழுக்க ‘கூடாது’ என்று எழுதியிருப்பதைக் காட்டி ‘கூடாது’ என்றே சொல்லிப் பழகியவருக்குக் காரணம் சொல்லும் பழக்கம் இல்லை. யாகப்புவும், அதைக் கேட்டுக்கொண்டிருந்த அன்னபாக்கியமும், இதுவும் அந்தப் பத்திரத்தில் உள்ள ஒன்று என்றே நினைத்துக்கொண்டார்கள்.

ஆறு நாளில் மதில் எழுந்தது. சும்மா சொல்லக் கூடாது, நல்ல வேலை. தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தால் மயிரளவு சரிவு இல்லை. விமலேஸ்வரி கட்டிலில் கிடந்தபடியே ஒவ்வொரு வரியாக வானம் குறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி நாள் மத்தியானத்துக்கு முன்பு, இனி மேல்வரி மட்டும்தான் என்றவுடன், தில்லைநாதனின் கால் சும்மா இருக்கவில்லை. கடிதம் வந்திருக்குமோ என்று தபாற் கந்தோருக்குச் சைக்கிளை எடுத்தார். அனுமதி கேட்காமல் கட்டிவிட்டு, அனுமதி வந்ததா என்று பார்க்கப் போகிற மனிதரை என்ன சொல்வது!

அவர் போன பிறகு சூசையம்மா குருத்தோலைச் சிலுவை ஒன்றைக் கொண்டுவந்தாள். அதற்கு முந்தின ஞாயிறுதான் குருத்தோலை ஞாயிறு. கோயிலில் மந்திரித்துக் கொடுத்த ஓலையைச் சிலுவையாகப் பின்னி வீட்டில் வைத்திருப்பது அவர்களுடைய வழக்கம். இடி மின்னலுக்கும் நோய் நொடிக்கும் அதுதான் காவல். அதைத் தன் வீட்டுக்கு வைக்காமல் பிள்ளைத்தாய்ச்சிக்கு என்று கொண்டுவந்திருந்தாள். “மேல்வரியில வைச்சுப் பூசிவிடு. அந்தப் பிள்ளைக்கு ஒரு காவல்” என்றாள். யாகப்பு சிலுவையை மதிலின் தலையில், நடுவிலே வைத்தான். வைத்தவன் இடைவெளியைப் பார்த்தான். மனம் கேட்கவில்லை. சிலுவை காற்றில் பறந்துவிடும், மழையில் நனைந்துவிடும், மதிலும் தலை வெட்டின கோழி மாதிரி நிற்கிறது. மீதிச் சுண்ணாம்பைக் குழைத்தான், ஓட்டுச்சல்லியை அடித்து இறுக்கினான், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அந்த ஒரு விரல் இடைவெளியை அடைத்து வழித்துவிட்டான். கூலிக்கு இல்லாத வேலை. அன்பு, அவ்வளவுதான்.

தில்லைநாதன் திரும்பி வந்து பார்த்ததும் சைக்கிளை நிறுத்தவில்லை, போட்டுவிட்டே ஓடிவந்தார்.

“ஐயோ! ஆர் அடைச்சது? எடு! எல்லாத்தையும் எடு!”

“ஏன் கத்துறியள்?” என்று அன்னபாக்கியம் வெளியே வந்தாள். “அது பதின்மூண்டாவது நிபந்தனையோ?”

“நிபந்தனை இல்லையடியப்பா! கூரை உடையப் போகுது!”

“முட்டுக் குடுத்தால் கூரை உடையுமோ? உந்த விசர்க் கதையை ஆரிட்டச் சொல்லுறியள்?”

அவருக்கு அழுகை வந்துவிட்டது. பதினைந்து வருடமாகத் தாளை நீட்டி நீட்டிக் காட்டியவர், இன்றைக்கு உண்மையைச் சொல்கிறபோது அதுவும் தாளாகவே கேட்டது. யாகப்பு மேசன் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். சிலுவையை எடு என்கிறாரே என்ற வருத்தம் முகத்தில் தெரிந்தது. அவன் மெல்லச் சொன்னான்: “எங்கட சிலுவை வேண்டாமெண்டால் சொல்லுங்கோ ஐயா, எடுக்கிறன். கூரையில பழியைப் போடாதேங்கோ.”

“யாகப்பு!” என்று தில்லைநாதன் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டார். “சிலுவையை நான் ஒண்டும் சொல்லேல்லை. இஞ்ச பாரும்.” தன்னுடைய ஒரு கையைத் தோளுக்கு நேரே நீட்டினார். “இதுதான் தட்டு. பாரம் முழுக்க மேல்பக்கம்தான் இழுக்கும். அதாலதான் கம்பியை மேல்பக்கம் போட்டது. நான்தான் கீறினனான், எனக்குத் தெரியும். கீழ்ப்பக்கம் ஒரு கம்பியும் இல்லை. மத்தியான வெயிலில இந்த நுனி ஒரு நூல் கீழ இறங்கும், விடியப்புறம் திரும்ப ஏறும். நாற்பது வருசமா ஒவ்வொரு நாளும் அதுதான் நடக்குது. நீர் நுனியைப் பிடிச்சு வைச்சால், அது இறங்க இடமில்லாமல் நடுவில வயிறு தள்ளும். வயித்தில கம்பி இல்லை. இண்டைக்குச் சுண்ணாம்பு பச்சை. இறுகினாப்பிறகு குண்டு விழுந்து குலுக்கிச்செண்டால்...” அவர் கட்டிலைக் காட்டினார்.

யாகப்பு தட்டை அண்ணாந்து பார்த்தான். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. இத்தனை பெரிய கல்லுத் தட்டு ஏறி இறங்குமாம்!

“இப்ப நேரம் என்ன?” என்றார் தில்லைநாதன்.

“பன்னிரண்டாகேல்லை” என்றாள் அன்னபாக்கியம்.

“ரெண்டு மணி மட்டும் இரும் யாகப்பு. ஒண்டும் நடக்காட்டில் நான் வாய் திறக்க மாட்டன்.”

நாலு பேரும் மதிலடியில் இருந்தார்கள். சித்திரை வெயில் கூரையில் கொதித்தது. சூசையம்மா செபமாலையை உருட்டினாள். அன்னபாக்கியம் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள், யாரும் குடிக்கவில்லை. தில்லைநாதன் எட்டு அடி இடைவெளிக்குள் நடந்தார். ஒரு மணி தாண்டியிருக்கும். மதிலின் தலையில் வழித்துவிட்ட சுண்ணாம்பு மெல்லப் பிதுங்கத் தொடங்கியது. முதலில் ஒரு இடத்தில். பிறகு நீட்டுக்கு, இரண்டு பிஸ்கட்டுக்கு நடுவிலுள்ள கிறீம் பிதுங்குவதுபோல. ஓட்டுச்சல்லி ஒன்று ‘டிக்’ என்று உடைந்து யாகப்புவின் மடியில் விழுந்தது. எல்லோரும் அண்ணாந்தார்கள். தட்டின் அடிப்பக்கத்து வெள்ளைப் பூச்சில், நடுவிலே, தலைமயிர் மாதிரி ஒரு கோடு ஓடியிருந்தது. காலையில் அது இல்லை.

“யேசுவே” என்று யாகப்பு எழுந்து சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டான். “உயிரோடயெல்லோ இருக்குது!”

அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. யாகப்பு உளியை எடுத்தான், தில்லைநாதன் தேங்காய் துருவும் அலகை எடுத்தார், அன்னபாக்கியம் அகப்பைக் காம்பை எடுத்தாள். பொழுதுபடுவதற்குள் இருபத்துநான்கு அடியையும் சுரண்டி எடுத்தார்கள். குருத்தோலைச் சிலுவையை யாகப்பு ஊதித் துடைத்துச் சட்டைப் பைக்குள் வைக்கப் போனான். தில்லைநாதன் அவனுடைய கையைப் பிடித்துத் தடுத்தார்.

“அதை அங்கயே வையும். அடைக்காமல் வையும்.”

நடுவில் ஒரு ஓட்டுத்துண்டை வைத்து, அதன்மேல் மடித்த சிலுவையைச் செருகினார்கள். விடியற்காலையில் விரலால் இழுத்தால் அது வழுகிக்கொண்டு வந்தது. மத்தியானம் இழுத்தால் வராது, தட்டு மெல்ல வந்து அதைப் பிடித்துக்கொள்ளும். தில்லைநாதன் தினமும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். அப்போதும் மனிதர் ஆறுதலாக இருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். மகளுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்துவிட்டது. சுண்ணாம்பு இறுகிவிட்டதா என்று நகத்தால் கீறிப் பார்ப்பார். தட்டின் கீழிருந்த மயிர்க்கோடு வளர்ந்திருக்கிறதா என்று பென்சிலால் அடையாளம் போட்டுப் பார்ப்பார். அது வளரவில்லை.

வைகாசி நடுவில் கிபிர் திரும்பி வந்தது. இந்த முறை ஒரு மைல் இல்லை. றோட்டுக்கு அந்தப் பக்கத்துத் தென்னந்தோட்டம். தில்லைநாதன் கிணற்றடியில் வாளியோடு நின்றார். நிலம் தூக்கிப் போட்டது. எழுந்தபோது காது இரண்டும் அடைத்திருந்தது. முன்பக்கம் ஒரே புழுதி. அந்தப் புழுதிக்குள் அவர் ஓடினார். கண்ணாடி என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே அவருக்கு ஞாபகம் வரவில்லை.

“பிள்ளை! விமலா! பிள்ளை!”

“இருக்கிறன் அப்பா” என்று குரல் வந்தது. அவள் கட்டிலுக்குக் கீழே உருண்டிருந்தாள். மேலெல்லாம் புழுதி. இரத்தம் இல்லை. அவர் தலை, கை, கால், வயிறு என்று தடவிப் பார்த்தார். திரும்பவும் முதலில் இருந்து தடவினார்.

“அப்பா” என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு. “தண்ணிக்குடம் உடைஞ்சுபோச்சு.”

யாகப்புவும் இன்னும் மூன்று பேரும் கட்டிலோடு அவளைத் தூக்கிக்கொண்டு ஆசுபத்திரிக்கு ஓடினார்கள். கூப்பிடு தூரம் அன்றைக்குத்தான் உதவியது. பொழுதுபடப் பெண் பிள்ளை பிறந்தது. ஐந்தரை இறாத்தல். அழுத அழுகையில் வார்ட்டே திரும்பிப் பார்த்ததாம். அடுத்த நாள் வீட்டுக்கு வந்தபோதுதான் தில்லைநாதன் மதிலை நிதானமாகப் பார்த்தார். வெளிப்பக்கம் பதினொரு இடத்தில் குண்டுச் சிதறல் குதறியிருந்தது. ஒரு ஓட்டையில் அவருடைய கை மணிக்கட்டுவரை போனது. கட்டில் கிடந்த உயரத்தில் மட்டும் நாலு. உள்ளே ஒன்றுகூட வரவில்லை. கண்ணாடியில் வெடித்திருந்த துண்டு தன்பாட்டில் கீழே கொட்டியிருந்தது, மற்றதெல்லாம் நின்றது. தட்டு அதேபடி நீட்டிக்கொண்டு நின்றது. சிலுவை மட்டும் கீழே விழுந்து கிடந்தது. அவர் அதைக் குனிந்து எடுத்துக் கண்ணில் ஒற்றினார். சைவக்காரர், தினமும் விபூதி பூசுகிற மனிதர். ஒற்றிவிட்டுத் திரும்பவும் அதன் இடத்தில் செருகினார்.

ஆனியில் ஒரு நாள், யாரும் கேட்காமலே, கனகலிங்கம் சைக்கிளில் வந்து இறங்கினார். “ஐயா! வந்திட்டுது!” என்று கடிதத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். பிள்ளைக்கு இருபத்தாறு நாள். எல்லோரும் கூடிவிட்டார்கள். தில்லைநாதன் கையைக் கழுவி, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உறையைப் பிரித்தார். படித்தார். திருப்பிப் படித்தார். முகம் ஒரு மாதிரிப் போய்விட்டது.

“என்னவாம்?” என்றாள் அன்னபாக்கியம். “மதிலை இடிக்கட்டாமோ?”

அவர் தமிழில் சொன்னார். “தாங்கள் குறிப்பிடும் வீடு, தொண்ணூற்றோராம் ஆண்டு நடந்த மீளாய்வில், போரில் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டுப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இல்லாத கட்டடம் ஒன்றில் புதிய மதில் எழுப்புவதற்கு அனுமதி வழங்கச் சபைக்கு அதிகாரம் இல்லை.”

அன்னபாக்கியம் கேட்டாள்: “அப்ப ஏழு வருசமா நாங்கள் எங்கயாம் இருக்கிறம்?”

கனகலிங்கம் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் வெளியே போய்ச் சிரித்தார். தில்லைநாதனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழு வருடமாக இல்லாத பட்டியலுக்குப் பயந்து, இல்லாத வீட்டில், இருக்கிற பிள்ளையைக் கண்ணாடிக்கு முன்னால் கிடத்தியிருந்தேனே என்று தன்னையே நொந்துகொண்டார். அதே நேரம் கோபமும் வந்தது. வந்து பார்த்தார்களா? ஒருவனாவது வந்து பார்த்தானா? அழிந்துவிட்டதாகக் கருதினார்களாம்!

தொட்டிலில் கிடந்த பிள்ளை வீரிட்டு அழத் தொடங்கியது. அதற்கு ஒரு குணம். தோளில் போட்டுக்கொண்டு நடந்தால்தான் அடங்கும், நின்றால் திரும்பவும் தொடங்கும். தில்லைநாதன் தூக்கித் தோளில் போட்டார். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தார். இந்த முறை அன்னபாக்கியம் ஒன்றும் சொல்லவில்லை.

“விமலா, பேப்பர் பேனை எடு பிள்ளை. எனக்குக் கை ஓய்வில்லை, நான் சொல்லுறதை எழுது. அவங்களுக்குத்தான்.”

“இங்கிலீசிலயோ அப்பா?”

“தமிழில எழுது. ஆரையாவது பிடிச்சு வாசிக்கட்டும். ஐயா, வீடு இருக்குது. அதில ஆக்கள் இருக்கினம். இத்துடன் புதிய வரைபடம் வைத்திருக்கிறேன்.” அவர் நடந்துகொண்டே மேசையைப் பார்த்தார். மதில் போட்ட வரைபடம் அங்கே விரித்துக் கிடந்தது. மூலைப் பெட்டியில் ‘வரைந்தவர்’ என்ற இடம் இரண்டு மாதமாக வெறுமையாகவே இருந்தது. “அதில என்ர பெயரையும் எழுதிவிடு. யாகப்புவின்ர பெயரையும் எழுது, கட்டினவன் எண்டு.”

அவள் எழுதினாள். பிறகு பேனையைத் தூக்கிக்கொண்டு கேட்டாள்: “வீட்டில என்னென்ன இருக்குதெண்டு எழுதட்டோ? கண்ணாடியில ஒரு துண்டு போனதையும் எழுதவேணுமெல்லோ?”

தில்லைநாதன் கண்ணாடிச் சுவரின் முனைக்குப் போய்த் திரும்பினார். பிள்ளை அவருடைய கழுத்தில் வாயை வைத்துக்கொண்டு நித்திரையாகிவிட்டது. என்றாலும் அவர் நிற்கவில்லை.

“முதலில பிள்ளையை எழுது” என்றார். “அதுக்குப் பிறகு மதில். கண்ணாடியைக் கடைசியில எழுதுவம்.”